இறப்புக் கணக்கில் சாதி எங்கே?

(இளைஞர்களுக்கான படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இந்தியர்கள் எதனால் சாகிறார்கள்?' என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. புள்ளியியல் படித்தவனும் இல்லை. 26 ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்டா, சிட்டா, அடங்கல் என்று எழுதிய கையாலேயே பிறப்பு இறப்புப் பதிவேடும் எழுதியிருக்கிறேன். நான் பணி செய்த ஊர்களில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், காரியம் முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் யாராவது ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். அந்த மேசையிலிருந்து பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த மேசைக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் தாத்தா வெட்டியான் வேலை செய்தவர். ஊரில் யார் செத்தாலும் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லப் போனவர், பிணம் எரியும்வரை சுடுகாட்டில் காத்துக் கிடந்தவர். சாவு விழுந்ததை மணியக்காரரிடம் சொல்ல வேண்டியதும் அவர்தான். மணியக்காரர் திண்ணையில் உட்கார்ந்து எழுதுவார், இவர் தெருவில் நின்று சொல்லுவார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. பிறகு தேர்வு எழுதி யாரும் அந்த வேலைக்கு வரலாம் என்று ஆனது. அப்படித்தான், தெருவில் நின்று சாவுச் சேதி சொன்னவரின் பேரன் நாற்காலியில் உட்கார்ந்து அதை எழுதினான்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் அந்தப் படிவத்தை ஒழுங்காகப் பார்த்தேன். நான் பணியில் இருந்த காலத்து இறப்பு அறிக்கைப் படிவத்தில் வழக்கமான கேள்விகள் உண்டு. இறந்தவர் பெயர், பாலினம், வயது, இடம். அவற்றோடு, இறந்தவர் என்ன மதம், என்ன தொழில், மருத்துவர் சான்று கொடுத்தாரா, என்ன நோய், புகை பிடித்தாரா, எத்தனை வருடமாகப் பிடித்தார், புகையிலை போட்டாரா, மது குடித்தாரா என்றும் கேட்பார்கள். பாக்கு மெல்லும் பழக்கம் உண்டா, எத்தனை வருடமாக என்றும் ஒரு கேள்வி உண்டு.

செத்துப்போனவர் எத்தனை வருடம் பாக்குப் போட்டார் என்று இந்த அரசு தெரிந்துகொள்ள விரும்புகிறது. நல்லதுதான், வாய்ப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள அது தேவை. ஆனால் அவர் சேரியில் பிறந்து வாழ்ந்து செத்தாரா, ஊரில் பிறந்து வாழ்ந்து செத்தாரா என்று அந்தப் படிவம் ஒருபோதும் கேட்டதில்லை. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு விடுபடலைப் பற்றியதுதான்.

நம் ஆயாக்கள் காலத்துச் சாவு

என் ஆயா ஒன்பது பிள்ளை பெற்றவர். நான்குதான் நின்றது. மற்ற ஐந்தும் எதனால் போயின என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஒன்று மாந்தத்தில் போச்சு, ஒன்று வாந்தி பேதியில் போச்சு, ஒன்றுக்கு விடாத சுரம், இரண்டை ஆத்தா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்பார். ஆத்தா என்றால் பெரியம்மை. அழுதுகொண்டு சொல்ல மாட்டார், சோறு வடித்துக்கொண்டே சொல்லுவார். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

எங்கள் ஆயாவின் வீடு மட்டுமல்ல. அண்ணல் அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் ஐந்து குழந்தைகள். யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா நால்வரும் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். வெளிநாட்டில் இரண்டு முனைவர் பட்டம் பெற்றவரின் வீட்டுக் கணக்கு இது.

நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் ஓர் இந்தியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 20 ஆண்டுகள்தான். எல்லாரும் 20 வயதில் செத்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால் சராசரி அந்த அளவுக்குக் கீழே போனது. அந்தப் பத்தாண்டில் இந்தியாவின் மக்கள்தொகை கூடவே இல்லை, சற்றுக் குறைந்தது. எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகளில் அப்படிக் குறைந்தது அந்த ஒரு முறைதான். 1918ஆம் ஆண்டு இன்புளுயன்சாக் காய்ச்சல் ஒரு கோடியே 20 இலட்சத்திலிருந்து இரண்டு கோடி பேர் வரை கொன்றது அதற்கு முக்கியக் காரணம்.

தோழர்களே, இந்த 1918ஐப் பற்றி ஒரு அட்டவணை இருக்கிறது. பம்பாய் நகரத்தின் சுகாதார அதிகாரி அந்த ஆண்டு இன்புளுயன்சாச் சாவுகளைச் சமூகவாரியாகப் பிரித்து எழுதி வைத்தார். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று பாருங்கள். ஐரோப்பியர்கள் 8.3. பார்சிகள் 9. முஸ்லிம்கள் 19.2. சாதி இந்துக்கள் 18.9. 'கீழ்ச்சாதி இந்துக்கள்' என்று அந்த அட்டவணை குறிப்பிடும் நம் மக்கள் 61.6.

அதே நகரம், அதே கிருமி, அதே மாதங்கள். சாதி இந்துவைப் போல மூன்று மடங்குக்கு மேல் நம் மக்கள் செத்திருக்கிறார்கள். கிருமிக்குச் சாதி தெரியாது என்று 2020இல் எல்லோரும் சொன்னோம். உண்மைதான். ஆனால் ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், உடம்பில் எவ்வளவு தெம்பு இருந்தது, படுத்தவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க எழுந்து நிற்கும் ஆள் வீட்டில் இருந்தாரா, மருத்துவர் வாசலுக்கு வந்தாரா என்பதையெல்லாம் சாதி முடிவு செய்தது. கிருமி, சாதி போட்டு வைத்திருந்த பாதையில் நடந்தது.

அந்த மருத்துவர் நம் வாசலுக்கு வருவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு அதற்கும் 21 ஆண்டுகளுக்கு முந்தைய சான்று இருக்கிறது. 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது சாவித்திரிபாய் புலே தன் மகன் மருத்துவர் யஷ்வந்தோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தார். மகர் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். அதில் பிளேக் தொற்றி மார்ச் 10ஆம் நாள் இறந்தார்.

பம்பாய் அதிகாரி சாதியைப் பிரித்து எழுதியது நம் மீது கொண்ட அன்பால் இல்லை. காலனி அரசுக்கு எல்லாவற்றையும் வகை பிரித்து எழுதும் பழக்கம் இருந்தது. எந்த நோக்கத்தில் எழுதியிருந்தாலும், அவர் எழுதியதால்தான் நூறு ஆண்டு கழித்து நான் உங்கள் முன் 61.6 என்று சொல்ல முடிகிறது.

இருபதிலிருந்து எழுபதுக்கு

அடுத்து நல்ல செய்தியைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் கெட்டதை மட்டும் சொன்னால் நாம் நேர்மையாகப் பேசியவர்கள் ஆக மாட்டோம்.

விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 32 ஆண்டுகள். 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 50. 2016-20 காலத்தில் 70. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் 1971இல் 129 பேர். 2023இல் 25 பேர்.

1947 வாக்கில் மலேரியா மட்டும் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேரைத் தாக்கி, 8 இலட்சம் பேரைக் கொன்றது என்பது மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக மருந்து அடித்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மலேரியாச் சாவு மிகப் பெரிய அளவில் குறைந்தது. என் ஆயாவின் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோன பெரியம்மை 1975இல் இந்தியாவிலிருந்து ஒழிந்தது. ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றியதால் ஒழியவில்லை. வீட்டுக் கதவைத் தட்டி ஊசி போட்ட ஊழியர்களால் ஒழிந்தது.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். பணக்காரர்கள் மலை மேல் சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வெடுத்து, முட்டையும் பாலும் சாப்பிட்டால்தான் அது குணமாகும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மறு பிரிவினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து. முடிவில், வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குணமானது. உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து கொடுக்கும் முறைக்கு இந்தச் சென்னை ஆய்வு ஓர் அடித்தளம்.

இதை ஏன் சொல்கிறேன்? சாவு தலையில் எழுதியது, போன பிறவிப் பாவம், கர்ம வினை என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நமக்குச் சொல்லிவந்தார்கள். ஒரு தலைமுறையில் ஊசியும், மருந்தும், தண்ணீர்க் குழாயும், ஆரம்ப சுகாதார நிலையமும் அந்த எழுத்தை அழித்துவிட்டன. ஆயுளை நீட்டிக்கவும் குறைக்கவும் ஓர் அரசால் முடியும் என்று இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால் எங்கே ஆயுள் குறைந்திருக்கிறதோ அங்கே யாரோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்றும் தெரிகிறது.

மாரடைப்பு யாருடைய நோய்?

ஆயுள் கூடும்போது சாவின் காரணமும் மாறும். 1990இல் இந்தியாவில் நிகழ்ந்த சாவுகளில் தொற்றுநோய், பேறுகாலம், பச்சிளம் குழந்தைச் சாவு, ஊட்டக்குறை ஆகியவற்றால் நேர்ந்தவை 53.6 விழுக்காடு. 2016இல் அது 27.5 ஆகக் குறைந்தது. இதயநோய், பக்கவாதம், சர்க்கரை, புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் நோய் போன்ற தொற்றாநோய்களின் பங்கு 37.9 விழுக்காட்டிலிருந்து 61.8 ஆனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட கணக்கு இது. இன்றைக்கு இந்தியாவில் முதலிடத்தில் இருக்கும் கொலையாளி இதய, இரத்தநாள நோய். ஏறத்தாழ மூன்றில் ஒரு சாவு அதனால்.

என் மேசையிலும் இந்த மாற்றத்தைப் பார்த்தேன். வேலையில் சேர்ந்த புதிதில் 'பேதி', 'சுரம்' என்று சொல்லுவார்கள். ஓய்வு பெறும் காலத்தில் பெரும்பாலும் 'நெஞ்சுவலி', 'சுகர் முத்திப்போச்சு', 'கிட்னி போயிடுச்சு'.

இதைப் பணக்காரன் வியாதி என்று நாமே பேசிக்கொண்டிருக்கிறோம். உட்கார்ந்து தின்றால் வரும், உழைக்கிறவனுக்கு வராது என்று ஒரு நம்பிக்கை. காலனித் தெருவிலிருந்து என்னிடம் எழுத வந்த நெஞ்சுவலிச் சாவுகளில் பலருக்கு நாற்பது, ஐம்பது வயதுதான். இரத்தக் கொதிப்பு இருப்பதே தெரியாமல் இருந்திருப்பார்கள். தெரிந்தாலும் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். நெஞ்சு வலித்த இரவில் வண்டி பிடித்து நகரத்துக்குப் போவதற்குள் முடிந்துவிடும். ஒருவருக்கு மாரடைப்பு வருவதற்குப் பல காரணம் இருக்கலாம். வந்தவர் பிழைப்பாரா என்பதை அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதும் முடிவு செய்கிறது.

பழைய நோய்களும் நம்மை விட்டுவிடவில்லை. காசநோய் இன்றும் இந்தியாவில் ஆண்டுக்கு 3 இலட்சம் பேருக்கு மேல் கொல்கிறது. மேல்தட்டுக்குப் பழைய சாவு போய்ப் புதிய சாவு வந்தது. நமக்குப் பழையது போகாமலேயே புதியதும் வந்து சேர்ந்தது.

சராசரிக்குள் ஒளிந்திருப்பது

காலனிக்காரர்கள் இளவயதில் சாகிறார்கள் என்று என் மேசையில் எனக்குத் தோன்றியது. ஆனால் சின்ன ஊர், சில பத்துச் சாவுகள். அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. அதனால் பெரிய ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தேசியக் குடும்பநல ஆய்வு சாதியைக் கேட்கிறது. 2015-16 ஆய்வின்படி பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் பட்டியல் சாதியினரில் 45, பழங்குடியினரில் 44, இதர பிற்படுத்தப்பட்டோரில் 42. இந்த மூன்றிலும் சேராத மற்றவர்களில் 32. தோழர்களே, இதில் பிற்படுத்தப்பட்டோரின் எண்ணைக் கவனியுங்கள். அது மேலே இருப்பவர்களின் எண்ணுக்கு அருகில் இல்லை, நம் எண்ணுக்கு அருகில் இருக்கிறது. சேரியைப் பார்த்து அரிவாள் தூக்கும் பிற்படுத்தப்பட்ட இளைஞன் அறிய வேண்டிய எண் இது. அவன் வீட்டுத் தொட்டிலும் நம் வீட்டுத் தொட்டிலைப் போலத்தான் காலியாகிறது.

பெரியவர்களின் ஆயுள் பற்றி சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், அசாம், உத்தராகண்ட் ஆகிய ஒன்பது மாநிலங்களில் இரண்டு கோடிப் பேரிடம் எடுத்த அரசுக் கணக்கெடுப்பை வைத்துச் செய்தது. உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் ஆயுள் எதிர்பார்ப்பு 4 ஆண்டுக்கு மேல் குறைவு. தலித்துகளுக்கு 3 ஆண்டுக்கு மேல் குறைவு. முஸ்லிம்களுக்குச் சுமார் ஓராண்டு குறைவு.

'அது வறுமையால், சாதியால் அல்ல' என்று உடனே ஒரு குரல் வரும். அதையும் அவர்கள் சோதித்தார்கள். பொருளாதார நிலை இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. அதாவது ஒரே அளவு வசதி உள்ள இரண்டு வீடுகளை எடுத்தாலும் தலித் வீட்டில் ஆயுள் குறைவு. காசு வந்தால் சாதி போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள்' என்று ஒரு படம் நம் தோழர்களிடையே சுற்றுகிறது. ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கையில் இருக்கும் எண்தான், பொய் இல்லை. ஆனால் அது இறந்துபோனவர்களின் சராசரி வயது, 39.5க்கும் 54.1க்கும் உள்ள வேறுபாடு. ஆயுள் எதிர்பார்ப்பு என்பது வேறு கணக்கு. ஒரு சமூகத்தில் இளையவர்கள் அதிகம் இருந்தாலே இறந்தவர்களின் சராசரி வயது குறையும். இதை ஆயுள் எதிர்பார்ப்பு என்று எழுதிப் பகிர்ந்தால், எதிரில் இருப்பவர் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு முழு உண்மையையும் மறுத்துவிடுவார். மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு என்பதே போதுமான கொடுமை. அதைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

காரணத்தின் பெயர்

சில சாவுகளுக்குப் படிவத்தில் நோயின் பெயர்தான் இருக்கும், காரணம் இருக்காது.

பாம்புக்கடியைப் பாருங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து 12 இலட்சம் பேர் இறந்ததாக, பதிவுத் துறையின் மாதிரிக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இதற்கு முந்தைய ஆய்வு ஒன்று, பாம்புக்கடிச் சாவில் 97 விழுக்காடு கிராமங்களில் நிகழ்கிறது, 77 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே நிகழ்கிறது என்றது. அடுத்தவன் வயலில் இரவில் மடை திருப்பப் போகிறவர் யார்? வெறுங்காலோடு களை எடுப்பவர் யார்? தரையில் பாய் விரித்துப் படுப்பவர் யார்? இந்த நாட்டின் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தைப் பெருமளவில் எடுத்துக் கொடுப்பவர்கள் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்துச் செய்கிறார்கள். மருந்து கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இரவில் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

மலக்குழிச் சாவு இன்னொன்று. ஒரு நாள் காலனியைச் சேர்ந்த ஒரு தாய் வாரிசுச் சான்றுக்காக என்னிடம் வந்தார். மகன் நகரத்தில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் செத்துப்போனான். சாவு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும் என்பதால் அவன் பெயர் என் பதிவேட்டில் இல்லை. அந்த அம்மா ஒரு மஞ்சள் பையிலிருந்து பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக் கொடுத்து, "என்ன போட்டிருக்காங்க சார், படிச்சுச் சொல்லுங்க" என்றார். மூச்சுத்திணறல் என்று இருந்தது. சொன்னேன். "அவனுக்கு மூச்சுத்திணறல் எல்லாம் இல்லையே சார், நல்லாத்தானே இருந்தான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மூச்சுத்திணறல் என்று எழுதிய மருத்துவர் பொய் எழுதவில்லை. விஷவாயு மூச்சை நிறுத்தியது உண்மை. ஆனால் அவனை அந்தக் குழிக்குள் இறக்கியது எது என்பதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து இலட்சமும், 2023இல் அதை உயர்த்தி முப்பது இலட்சமும் இழப்பீடாகத் தரச் சொன்னது. இருந்தும் 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில், கையால் மலம் அள்ளுவதால் எந்தச் சாவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு சொன்னது. அவையெல்லாம் 'ஆபத்தான முறையில் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ததால் ஏற்பட்ட சாவு' என்று வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள். அதே ஒன்றிய அரசு பிறகு எடுத்த கணக்கில், கழிவுநீர்த் தொழிலாளர்களில் 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்று வந்தது. தொழிலாளர்களை எண்ணும்போது சாதி தெரிகிறது. அவர்கள் செத்ததை எண்ணும்போது காணாமல் போய்விடுகிறது.

கொரோனா காலத்துக் கணக்கு

2021 இறுதிவரை கொரோனாவால் 4.8 இலட்சம் பேர் இறந்தார்கள் என்றது அரசு. உலக சுகாதார நிறுவனம் 47 இலட்சம் என்று மதிப்பிட்டது. அரசு அதை மறுத்தது. பிறகு அரசின் சொந்தப் பதிவேடுகளே வெளிவந்தன. 2020இல் நாடு முழுவதும் பதிவான சாவுகள் 81 இலட்சம். 2021இல் ஒரு கோடியே 2 இலட்சம். பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஆண்டில் 21 இலட்சம் கூடியதற்கு வேறு என்ன பொருள்?

2024இல் இன்னோர் ஆய்வு வந்தது. 14 மாநிலங்களின் குடும்பநல ஆய்வுத் தரவுகளை வைத்து 2020இல் ஆயுள் எதிர்பார்ப்பு எவ்வளவு சரிந்தது என்று பார்த்தார்கள். உயர்சாதி இந்துக்களுக்கு 1.3 ஆண்டு. பட்டியல் சாதியினருக்கு 2.7. பழங்குடியினருக்கு 4.1. முஸ்லிம்களுக்கு 5.4. ஒன்றிய அரசு இதையும் ஏற்க முடியாது என்றது. ஏற்க முடியாது என்றால் சரியான எண் எது? சமூகவாரியான இறப்புக் கணக்கை அரசே வெளியிட்டால் விவாதம் அன்றோடு முடியும். அதை மட்டும் செய்ய மாட்டார்கள்.

என்ன கேட்கப் போகிறோம்?

1918இல் ஒரு நகராட்சி அதிகாரி கொடுத்த அட்டவணையை 2021இல் ஒரு குடியரசு கொடுக்கவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது.

பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்திருப்பீர்கள். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. இறப்பு விகிதமும் ஒரு பின்னம்தான். மேலே செத்தவர்களின் எண்ணிக்கை, கீழே வாழ்கிறவர்களின் எண்ணிக்கை. 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட மக்கள்தொகைக் கணக்கு இல்லை. அதனால் கீழே போட எண் இல்லாமல் இருந்தது. வரப்போகும் கணக்கெடுப்பில் சாதியும் சேர்க்கப்படும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்திருக்கிறது. நம் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது. ஆக, பகுதி வரப்போகிறது. தொகுதி எங்கே? அதையும் கேட்டால்தான் பின்னம் முழுமையாகும்.

நேற்று ஓர் இளம் தோழர் என்னிடம், "ஐயா, செத்த பிறகும் சாதியை எழுத வேண்டுமா? சாதியை ஒழிக்கத்தானே நாம் வந்தோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இன்றும் எத்தனை ஊர்களில் இரண்டு சுடுகாடு! சாவுக்குள் சாதியை நாம் கொண்டுபோகவில்லை. அது ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. நாம் கேட்பது அதை எண்ணச் சொல்லி.

சான்றிதழில் சாதியை அச்சடிக்கச் சொல்லவும் இல்லை. இறப்பு அறிக்கைப் படிவம் இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்று சட்டப் பகுதி, அதிலிருந்துதான் சான்றிதழ் வரும். மற்றது புள்ளிவிவரப் பகுதி, அதைத் தனியாகக் கிழித்து மேலே அனுப்புவோம். மதமும் தொழிலும் பாக்குப் பழக்கமும் அந்தப் பகுதியில்தான் இருக்கும். இறப்புக் காரணத்தைக்கூடப் பதிவேட்டில் எழுதுவோம், ஆனால் சான்றிதழில் காட்டக்கூடாது என்பது சட்டம். எழுதி வைத்துக்கொண்டு வெளியே காட்டாமல் காப்பது இந்தத் துறைக்குப் புதிதில்லை. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மற்றவர் என்று நான்கு கட்டம் அந்தப் பகுதியில் போட்டால் போதும். மாதிரிப் பதிவு முறையில் எடுக்கும் இறப்புக் கணக்கையும் அதேபோலப் பிரித்து வெளியிட வேண்டும்.

காரணத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2020இல் பதிவான சாவுகளில் மருத்துவரால் காரணம் சான்றளிக்கப்பட்டவை 22.5 விழுக்காடுதான். மற்ற 77 பேர் எதனால் செத்தார்கள் என்பது உறவினர் சொன்னதும் என்னைப் போன்றவர்கள் எழுதியதும்தான். 'வயது மூப்பு' என்று நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவர்களில் சிலருக்கு ஐம்பத்தைந்து வயது. சேரியில் ஐம்பத்தைந்து என்றால் மூப்பு என்று என் கையே நம்பியிருக்கிறது. அந்த வெட்கத்தை இங்கே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

அரசைக் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் தெருவில் நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் 21 நாளுக்குள் பதிவு செய்ய உதவுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் இறந்தால் காரணச் சான்றின் நகலை உறவினருக்கும் தர வேண்டும் என்று 2023இல் திருத்திய சட்டம் சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். வீட்டில் இறந்தால் கடைசி மருந்துச் சீட்டையாவது எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் செத்தால், எங்கே, என்ன வேலையில், யார் சொல்லி இறங்கினார் என்பதைப் புகாரிலேயே எழுத வையுங்கள். பிற்பாடு அந்தத் தாள்தான் பேசும்.

என் ஆயாவின் ஐந்து பிள்ளைகளும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களைப் பற்றிய ஒரே ஆவணம் ஆயாவின் நினைவாக இருந்தது. ஆயா போனதும் அதுவும் போய்விட்டது. மஞ்சள் பையோடு வந்த அந்த அம்மாவின் மகன் ஒரு பதிவேட்டில் இருக்கிறான். வயது, பாலினம், மூச்சுத்திணறல். அவன் ஏன் செத்தான் என்று நூறு ஆண்டு கழித்து யாராவது தேடினால், அவர்களுக்கு ஓர் எண்ணாவது கிடைக்க வேண்டும்.